உச்சவரம்பு போட்டால் சிக்கனம் வந்துவிடுமா?

அரசுப் பணத்தில் பள்ளி கட்டுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நிதித்துறை அதிகாரிகள் முதல் பத்திரிகைத் தலையங்கம் எழுதுவோர் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் ஒரு வாதம் உண்டு. கையில் இருக்கும் பணம் அளவானது; கட்ட வேண்டிய பள்ளிகளோ ஏராளம். ஒரு மாணவருக்கு இவ்வளவு, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் வீண்செலவு நிற்கும், கட்டடக் கலைஞர்கள் பகட்டை விட்டுப் பயனைப் பார்ப்பார்கள், மிச்சப்படும் பணத்தில் இன்னும் நான்கு பள்ளிகள் எழும்பும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இந்த வாதத்துக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் நாடு இங்கிலாந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பள்ளிக் கட்டடங்களுக்கு விதித்த செலவு வரம்புதான் நவீனப் பள்ளிக் கட்டடக் கலையையே பெற்றுக் கொடுத்தது என்று பாடநூல்போல ஒப்பிப்பார்கள். அந்த நாட்டின் எழுபது ஆண்டுக் கணக்கை முழுமையாக எடுத்துப் பார்த்தால் வேறொரு முடிவுதான் கிடைக்கிறது. வரம்பு அங்கே சிக்கனத்தைக் கொண்டுவரவில்லை. செலவை ஒரு தலைமுறையிடமிருந்து எடுத்து அடுத்த தலைமுறையின் தலையில் வைத்தது. சிக்கனம் வந்த சொற்ப காலத்திலும் அதற்குக் காரணம் வரம்பு மட்டுமாக இருக்கவில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுகிறேன். போர் முடிந்தபோது இங்கிலாந்தில் குண்டுவீச்சில் சிதைந்த பள்ளிகள் ஒருபுறம், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கொடுத்த வாக்குறுதி மறுபுறம். கட்டாயக் கல்வி வயது 1947 ஏப்ரலில் 15 ஆக உயர்ந்தது. போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் அலையலையாகப் பள்ளிக்கு வரவிருந்தார்கள். எஃகு இல்லை, மரம் இல்லை, கொத்தனார் இல்லை. இந்த நிலையில்தான் கல்வி அமைச்சகம் ஒரு மாணவர் இடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு விதித்தது. 1950இல் தொடக்கப் பள்ளிக்கு 170 பவுன், மேல்நிலைப் பள்ளிக்கு 290 பவுன். மறு ஆண்டே அவை 140, 240 என்று குறைந்தன. பொருள்களின் விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வரம்பு கீழே இறங்கியது. ஆனாலும் பள்ளிகள் கெட்டுப்போகவில்லை. நீண்ட நடைக்கூடங்கள் மறைந்தன. கூரையின் உயரம் தாழ்ந்தது. சாப்பாட்டுக் கூடமும் ஒன்றுகூடும் மண்டபமும் ஒன்றாயின. மொத்தப் பரப்பளவு சுருங்கியபோதும் பாடம் நடக்கும் இடம் சுருங்கவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் கல்வி அதிகாரி ஜான் நியூசமும் கட்டடக் கலைஞர் ஆஸ்லினும் ஆலையில் செய்த பாகங்களைப் பூட்டிப் பள்ளிகள் எழுப்பிய விதத்தைப் பிற நாட்டார் வந்து பார்த்துப் போனார்கள். அதன் வழிவந்த கிளாஸ்ப் என்னும் கட்டுமான முறை 1960இல் மிலான் கண்காட்சியில் உயர்ந்த பரிசு பெற்றது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அரசு செய்த கட்டட வேலைகளில் அந்தச் சில ஆண்டுகளுக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

ஆனால் அதைச் செய்தது வரம்பா? அந்த அமைச்சகத்துக்குள் அன்று யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பள்ளி கட்டிப் பழகிய ஸ்டிராட் ஜான்சன்-மார்ஷல் அமைச்சகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்தார். டேவிட் மெட், மேரி மெட் தம்பதியர் அவரோடு வந்தார்கள். வகுப்பில் குழந்தைகள் எப்படி உட்காருகிறார்கள், நாற்காலியும் கைகழுவும் தொட்டியும் அவர்கள் உயரத்துக்கு எட்டுகின்றனவா என்று அளந்து பார்த்து வரைந்தவர்கள் இவர்கள். ஜேம்ஸ் நிஸ்பெட் என்ற அளவைக் கணக்கர், ஒரு கட்டடத்தின் செலவைக் கூரைக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு, சன்னலுக்கு எவ்வளவு என்று பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் முறையை உருவாக்கினார். இவர்கள் வரம்பை விதித்துவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளவில்லை. அந்த வரம்புக்குள் நல்ல பள்ளி கட்ட முடியுமா என்று தாங்களே கட்டிப் பார்த்தார்கள். வோக்கிங்கம் நகரின் செயின்ட் கிரிஸ்பின்ஸ் பள்ளி அப்படி அமைச்சகமே வடிவமைத்தது. கற்றதைக் கையேடுகளாக அச்சிட்டு நாடு முழுவதும் அனுப்பினார்கள். இதைவிட முக்கியமான இன்னொன்று, வரம்பின் புகழ் பாடுவோர் வழக்கமாகச் சொல்லாமல் விடுவது: செலவுக்கு மேல்வரம்பு இருந்த அதே நேரத்தில் இடத்துக்குக் கீழ்வரம்பும் சட்டமாக இருந்தது. 1945ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டட விதிகள் இத்தனை மாணவருக்கு இத்தனை பாடப் பரப்பு, இவ்வளவு விளையாட்டுத் திடல் என்று நிர்ணயித்திருந்தன. அதற்குக் கீழே போனால் சட்டமீறல். மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு, நடுவே வேலை தெரிந்த ஆட்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்த விளைவைத் தந்தன. பின்னால் வந்தவர்கள் இவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் உதறிவிட்டு, பழைய வெற்றியைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பொற்காலத்திலும்கூட வரம்பு ஒரு விஷயத்தைப் பார்க்கவே இல்லை. ஓர் இடத்துக்கு 140 பவுன் என்ற எண், கட்டடத்தின் சாவியை ஒப்பந்தக்காரர் கையளிக்கும் நாளோடு முடிந்துவிடும் கணக்கு. கட்டடம் அதற்குப் பிறகு அறுபது ஆண்டு வாழும். அதன் கூரை ஒழுகும், சுவர் குளிரும், கணப்புக்கு எரிபொருள் ஆகும். இந்தச் செலவெல்லாம் வேறு தலைப்பில், வேறு அலுவலகத்தில், வேறு ஆண்டில் எழுதப்படுவதால் வரம்பு போட்டவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. கையளிக்கும் நாளின் விலையைக் குறைக்க எளிய வழி கட்டடத்தின் மேலுறையை மெலிதாக்குவது. தட்டையான கூரை, ஒற்றைக் கண்ணாடிச் சுவர், இலேசான பலகை, தீக்காப்புக்கும் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ். இன்றைக்கும் இங்கிலாந்தின் பள்ளிகளில் ஐந்தில் நான்கு பங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. ஒரு சுவரில் ஆணி அடிக்கும் முன் பதிவேட்டைப் புரட்ட வேண்டிய நிலை. வேகமாக இறுகும் அலுமினா சிமெண்டில் வார்த்த உத்தரங்கள் மலிவாகவும் விரைவாகவும் கிடைத்தன. 1973இல் லண்டன் கேம்டன் பெண்கள் பள்ளியின் மண்டபக் கூரையும், 1974 பிப்ரவரியில் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரையும் விழுந்த பிறகுதான் அந்த சிமெண்டின் குறை ஊருக்குத் தெரிந்தது. மிலானில் பரிசு வாங்கிய கிளாஸ்ப் முறையிலும் பாகங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடங்கள் தீ ஓடும் வழியாயின. 1974 டிசம்பரில் நாட்டிங்கம்ஷயரில் அந்த முறையில் கட்டிய ஒரு முதியோர் இல்லம் எரிந்து 18 பேர் இறந்தார்கள். அது பள்ளி இல்லை என்பது உண்மை. ஆனால் அதே எலும்புக்கூட்டின் மேல்தான் நூற்றுக்கணக்கான பள்ளிகளும் நின்றுகொண்டிருந்தன.

இந்த வரிசையில் கடைசியாக வெடித்தது ராக் என்று அங்கே அழைக்கப்படும் கான்கிரீட் விவகாரம். மாவு பொங்குவதுபோல் உள்ளே காற்றுக் குமிழிகளை வைத்து வார்த்து, கம்பி கோத்த இலேசான பலகை அது. நம் ஊர் அடுக்குமாடிகளில் செங்கல்லுக்குப் பதிலாக வைக்கிறார்களே ஏஏசி கல், அதற்குத் தூரத்து உறவு. (நம்முடையது கம்பியில்லாமல் சுவருக்குப் போவது; படிப்பவர் பயப்பட வேண்டியதில்லை.) ஸ்வீடனில் 1930களில் உருவான இந்தப் பலகையை, 1950களின் நடுவிலிருந்து 1990கள் வரை பிரிட்டன் தன் பள்ளிகள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களின் கூரையில் அடுக்கியது. ஈரம் ஏறினால் கம்பி துருப்பிடிக்கும். பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும். 1990களிலேயே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பலகைகளில் விரிசலும் தொய்வும் கண்டு எச்சரித்தது. 2018இல் கென்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை இடிந்தது. வார இறுதி என்பதால் யாரும் உள்ளே இல்லை. ஐந்தாண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 31 அன்று, புதிய கல்வியாண்டு தொடங்கச் சில நாள்களே இருக்கும்போது, 104 பள்ளி, கல்லூரிகளுக்கு இந்தக் கான்கிரீட் உள்ள பகுதிகளை உடனே மூடச் சொல்லிக் கல்வித்துறை உத்தரவிட்டது. சோதனைகள் முடிந்தபோது அந்த எண்ணிக்கை 230ஐத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் கூடாரங்களிலும் தற்காலிகப் பெட்டி அறைகளிலும் படித்தார்கள். டர்ஹாம் நகரில் ஒரு பள்ளியில் பல வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடந்தன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ராக் பிரச்சினைக்குச் செலவு வரம்பைக் குற்றம் சொல்வது பொருந்துமா? அன்றைய பொறியியலுக்குத் தெரியாத குறை அது. வரம்பே இல்லாத கட்டடங்களிலும் அதைப் போட்டார்களே. ஒப்புக்கொள்கிறேன். ஒரு பலகையின் வேதியியலுக்கு நிதியமைச்சரைக் கழுவில் ஏற்ற முடியாது. அந்தப் பலகையை விரும்ப வைத்ததில் இலேசும் மலிவும் வேகமும் பெரும் பங்கு வகித்தன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் என் குற்றச்சாட்டு பலகையின் மேல் இல்லை, அதற்குப் பின் நடந்ததன் மேல். குறுகிய ஆயுளுள்ள கட்டடம் கட்டுவது தன்னளவில் பாவமில்லை. முப்பது ஆண்டு நிற்கும் கூரையை மலிவாகப் போடுகிறோம், முப்பதாவது ஆண்டில் மாற்றப் பணம் ஒதுக்குகிறோம் என்று ஓர் அரசு முடிவெடுத்தால் அது கண்ணியமான சிக்கனம். இங்கிலாந்தில் நடந்தது என்ன? மலிவாகக் கட்டும்போது ஒரு வரம்பு. அந்த மலிவான கட்டடத்தை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது அதற்கும் ஒரு வரம்பு. முதல் வரம்பால் மிச்சமானது என்று கணக்கெழுதிய பணம், உண்மையில் பின்னால் கட்டவேண்டிய கடன். அந்தக் கடனுக்குத் தவணை வந்தபோது, தவணைத் தொகையையும் வெட்டினார்கள்.

எண்களைப் பார்க்கலாம். தேசியத் தணிக்கை அலுவலகம் 2023 ஜூனில், அதாவது கூரை விவகாரம் வெடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் 21,600 அரசுப் பள்ளிகள், அவற்றில் 64,000 கட்டடங்கள். இதில் சுமார் 24,000 கட்டடங்கள், அதாவது 38 சதவீதம், வடிவமைத்தபோது மதிப்பிட்ட ஆயுளைத் தாண்டியவை. பெரிய அளவில் புதுப்பிக்கவோ இடித்துக் கட்டவோ வேண்டிய பள்ளிகளில் 7 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கட்டடங்களை ஒழுங்காகப் பராமரிக்கவும் அபாயங்களைக் குறைக்கவும் ஆண்டுக்கு 530 கோடி பவுன் வேண்டும் என்று 2020இல் கல்வித்துறையே மதிப்பிட்டது. அது கேட்கத் துணிந்தது ஆண்டுக்குச் சராசரி 400 கோடி. கருவூலம் கொடுத்தது 310 கோடி. கல்வித்துறையின் செயலராக இருந்த ஜானதன் ஸ்லேட்டர் 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார்: ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது; 100 பள்ளிகளுக்குத்தான் பணம் கிடைத்துக்கொண்டிருந்தது; அதை 200 ஆக்கக் கேட்டபோது 50 ஆகக் குறைத்தார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்து பிறகு பிரதமரான ரிஷி சுனக் இதற்குச் சொன்ன மறுமொழி கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கு 50 என்பது முந்தைய பத்தாண்டில் நடந்த வேகம்தான், நான் ஒன்றும் குறைக்கவில்லை என்றார். வாதம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 21,600 பள்ளிகள், ஆண்டுக்கு 50. எல்லாப் பள்ளியும் ஒரு சுற்று புதிதாக 432 ஆண்டு ஆகும். அக்பர் காலத்தில் கட்டிய பள்ளியில் இன்று பிள்ளைகள் உட்கார வேண்டும். பழைய வேகம் இதுதான் என்பது இந்தக் கணக்குக்கு மறுப்பாகுமா, ஒப்புதல் வாக்குமூலமாகுமா என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

வரம்புக்காரர்களின் இரண்டாவது பெரிய சான்று, வரம்பு இல்லாதபோது நடந்த வீண்செலவு. இதில் அவர்கள் பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டோனி பிளேர் அரசு, இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகள் சுமார் 3,500ஐயும் பதினைந்து ஆண்டுக்குள் இடித்துக் கட்டவோ புதுப்பிக்கவோ செய்யும் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப மதிப்பு 4,500 கோடி பவுன். பிறகு 5,500 கோடிக்குப் போனது. 2008 முடிவதற்குள் 200 பள்ளிகள் என்பது இலக்கு, முடிந்தவை 42. ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் ஏலச் சடங்குகளும் காலத்தையும் பணத்தையும் தின்றார்கள். 2010 ஜூலையில் புதிய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் திட்டத்தையே ரத்து செய்தார். 700க்கும் மேற்பட்ட பள்ளிகளின் வேலை நின்றது. எந்தப் பள்ளி தப்பியது, எது தப்பவில்லை என்ற பட்டியலைக்கூடச் சரியாக வெளியிட முடியவில்லை. மறு ஆண்டு உயர் நீதிமன்றம், உள்ளாட்சிகளைக் கலந்தாலோசிக்காமல் செய்தது முறைகேடு என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே, மின்னணுப் பொருள் விற்கும் கடைத் தொடர் ஒன்றின் நிர்வாகி செபாஸ்டியன் ஜேம்ஸ் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது; நிலையான வடிவங்களைக் கொண்டு 30 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்றார்கள். கட்டடக் கலைஞர்களைப் பணக்காரர் ஆக்க இங்கே யாரும் இல்லை என்ற பொருளில் கோவ் பேசியதும் அப்போதுதான். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் பெயரைச் சொல்லியே பேசினார். 2012இல் வந்த மாதிரி வரைபடங்களில் மேல்நிலைப் பள்ளிகள் முன்னைவிட 15 சதவீதம் சிறியவை. வளைந்த சுவர் கூடாது என்றும் சொல்லப்பட்டது.

நோயையும் மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீணானது எங்கே? ஒப்பந்த முறையில், தாமதத்தில், ஆலோசனைக் கட்டணத்தில். வெட்டியது எதை? நடைக்கூடத்தின் அகலத்தை, மண்டபத்தை, சாப்பாட்டறையை. பிளேர் காலத் திட்டத்தில் யாரோ ஒருவர் வகுப்பறையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியதால் 200க்கு 42 ஆகவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1950இல் மேல்வரம்போடு கூடவே இருந்த சட்டபூர்வமான கீழ்வரம்பின் மிச்சசொச்சமும் இந்த 2012ஆம் ஆண்டில்தான் போனது. விளையாட்டுத் திடலுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று பழைய விதிகள் சொல்லிவந்ததை எடுத்துவிட்டு, பொருத்தமான வெளியிடம் இருந்தால் போதும் என்று எழுதினார்கள். பொருத்தம் எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. மேலே எண்ணும் கீழே பெயரடையும் இருக்கும் இடத்தில் எது தோற்கும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபம் நம் மக்களுக்கு மிகவும் பிடித்தது. கட்டடமா பாடம் சொல்லித் தருகிறது? மரத்தடியில் படித்தவர்கள் மேதைகள் ஆகவில்லையா? மரத்தடியில் படித்து மேதையானவரை நாம் அறிவோம். மரத்தடியோடு நின்றுபோன ஆயிரம் பேரைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. இந்த வாதத்தை ஆய்வோடு சொல்வோரும் இருக்கிறார்கள். டெக்சாஸில் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன்பத்திரம் மூலம் பெரும் பணம் செலவழித்தும் மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று 2016இல் ஓர் ஆய்வு கண்டது. அது நல்ல ஆய்வுதான். ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் பணத்தை மொத்தமாக ஒரே குவியலாக எண்ணினால் அப்படித்தான் தெரியும். எதற்குச் செலவழித்தார்கள் என்று பிரித்துப் பார்த்த பின்னைய அமெரிக்க ஆய்வு ஒன்று, காற்றோட்டம், வெப்பக் கட்டுப்பாடு, நச்சுப்பொருள் நீக்கம் போன்றவற்றுக்குப் போன பணம் மதிப்பெண்ணை உயர்த்தியது, விளையாட்டரங்கத்துக்குப் போனது உயர்த்தவில்லை என்று சொல்கிறது. இங்கிலாந்திலேயே சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரெட் குழுவினர் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை, 3,766 பிள்ளைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஓர் ஆண்டில் பிள்ளைகள் கற்றதில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 சதவீதம் வகுப்பறையின் இயற்பியல் தன்மைகளோடு தொடர்புடையது. அதில் பாதி வெறும் வெளிச்சம், வெப்பம், காற்று. பகட்டான முகப்பு பிள்ளைகளுக்கு எதுவும் செய்யவில்லை என்பதும் இதிலேயே அடங்குகிறது. ஆகவே வரம்புக்காரர்களுக்குப் பகட்டு பிடிக்காது என்றால் எனக்கும் பிடிக்காது. பிரச்சினை என்னவென்றால், பணம் இறுகும்போது முதலில் போவது பகட்டில்லை. திறப்பு விழாவில் தெரிவது முகப்பு. காற்றுக் குழாயின் அளவையும் கூரையின் வெப்பத் தடுப்பையும் யாரும் ரிப்பன் வெட்டித் திறப்பதில்லை.

எனக்கு வசதியில்லாத ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் தனியார் முதலீட்டு முறையில் கட்டிய பள்ளிகள் மலிவானவை அல்ல; அரசு பல ஆண்டுகள் கட்டணம் செலுத்தும் வகை. கட்டியவரே பராமரிப்பையும் ஏற்பதால் நீண்டகாலம் நிற்கும்படி கட்டுவார் என்று சொல்லித்தான் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரி 29 அதிகாலைப் புயலில் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியின் சுவரிலிருந்து ஒன்பது டன் செங்கல் சரிந்தது. பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நேரம். பிறகு 17 பள்ளிகளை மூடி 7,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வேறிடங்களுக்கு அனுப்பினார்கள். ஜான் கோல் நடத்திய விசாரணையில், இரட்டைச் சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் உலோகக் கொக்கிகள் ஒழுங்காகப் பதிக்கப்படவில்லை என்றும், கட்டும்போது அரசின் சார்பில் நின்று பார்க்கத் தனி மேற்பார்வையாளர் இல்லை என்றும் வெளிவந்தது. அதிகப் பணம் கொடுத்தாலே நல்ல கட்டடம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும், எண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு ஆளை அனுப்பாவிட்டால் சுவர் விழும். 1950இன் அமைச்சகத்தில் ஆள் இருந்தார்கள்.

நம் நாட்டில் இதே சிந்தனை வேறு உருவத்தில் இருக்கிறது. சர்வ சிக்ஷா அபியான் திட்டத்தில் கட்டுமானத்துக்கு மொத்த நிதியில் 33 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருந்தது. எல்லாப் பணமும் சிமெண்டாகவும் கமிஷனாகவும் ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டம் பராமரிப்புக்கு ஒதுக்கியது, மூன்று வகுப்பறை வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் உள்ளதற்கு 10,000. ஒரு வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவே சரியாக இருக்கும். கட்டும்போது மேல்வரம்பு, கட்டிய பின் பெயருக்கு ஒரு தொகை. இங்கிலாந்து ஐம்பது ஆண்டில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாம் குறுக்குவழி கண்டிருக்கிறோம். நெல்லையில் 2021 டிசம்பரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான், பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை தமிழ்நாட்டில் வேகம் பிடித்தது.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அது என் வாதமில்லை. பிறப்பு விகிதம் குறைந்து லண்டனிலேயே சில பள்ளிகளை மூடிவரும் காலத்தில், எத்தனை பள்ளி கட்டுவது என்பதற்குக் கட்டாயம் அளவு வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் குறைவாகக் கட்டுங்கள். மோசமாகக் கட்டுங்கள் என்று யார் சொன்னார்கள்? ஒரு வரம்பு நேர்மையானதாக இருக்க வேண்டுமென்றால் அது அறுபது ஆண்டுச் செலவின் மேல் இருக்க வேண்டும், சாவி வாங்கும் நாளின் விலையின் மேல் இருக்கக் கூடாது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடத்துக்கும் சட்டத்தில் எண்ணாகவே ஒரு கீழ்வரம்பு இருக்க வேண்டும். கட்டும் இடத்தில் அரசின் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வரும் எந்த வரம்பையும், அதைக் கொண்டுவருபவர் எவ்வளவு சிக்கனமானவராகத் தோன்றினாலும், பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தே ஆக வேண்டும். இதன் விலை என்ன என்பதற்குப் பழைய கான்கிரீட்டைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தின் ஹார்லோ நகரில், ஆலையில் செய்த பாகங்களைப் பூட்டி வேகமாகக் கட்டும் முறையில் எழுந்த சர் ஃபிரெடெரிக் கிப்பர்ட் கல்லூரி என்ற மேல்நிலைப் பள்ளி 2021இல் புதிய கட்டடத்துக்குப் போனது. கட்டிய நிறுவனம் 2022இல் நொடித்துப்போனது. பலத்த காற்றோ கடும் பனிப்பொழிவோ வந்தால் கட்டடம் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாமல் 2023 ஆகஸ்டில் கல்வித்துறை அதை மூடியது. இரண்டே வயதான அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, அதே பள்ளியை இரண்டாம் முறை அரசுப் பணத்தில் கட்ட முடிவாயிற்று.